பழைய மலைமிதிவண்டிக்குப் புதிய உறுப்புகள்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மிதிவண்டி மிதித்தவர்க்கு ஓர் உண்மையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இப்பகுதியில் சமநிலம் அரிது. சாலை ஏறும், ஏறியவுடன் இறங்கும், இறங்கியவுடன் மீண்டும் ஏறும். நெடுஞ்சாலையை விட்டுக் காரக்கோணம், வெள்ளறடை, பனச்சமூடு நோக்கித் திரும்பினால் மேடு மேன்மேலும் வளரும். பொழியூர், பூவாறு நோக்கித் திரும்பினால் இறக்கம் கடற்கரை வரை இழுத்துச் செல்லும். செம்மண் வழிகளும், ரப்பர்த் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளும், மழைநீர் அரித்த ஓடைத் தடங்களும் நிறைந்த நாடு இது.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாற்றி அமைக்கப்பெற்றன. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு வரையப்பட்டதேயன்றி வழிகள் மாறவில்லை. ஊரம்பிலும் களியக்காவிளையிலும் பனச்சமூட்டிலும் மக்கள் இரு மொழியிலும் பேரம் பேசுகின்றனர். மிதிவண்டி மிதிப்பதை மலையாளத்தில் ‘சவிட்டு’தல் என்பர், விளவங்கோட்டுத் தமிழரும் காலால் மிதிப்பதைச் ‘சவிட்டு’ என்றே சொல்வர். காலுக்கு எல்லை இல்லை போலும்!

இத்தகைய ஊர்களிலிருந்து பிழைப்பு நாடி வெளியேறிய குடும்பங்கள் பல. வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் உண்டு. திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் குடியேறினோர் உண்டு. விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, விறகுப் புரையிலோ மாடிப்படியின் அடியிலோ ஒரு மிதிவண்டி தூசி படிந்து சாய்ந்திருப்பதைக் காண்கிறோம். 1990களில் பிள்ளைகளுக்காக ஆசையுடன் வாங்கிய வண்டி அது. அகன்ற டயர், நேரான ஹேண்டில் பார், முன்னே மூன்று பல்சக்கரம், பின்னே ஐந்தோ ஆறோ பல்சக்கரம். அதனை ‘மலைமிதிவண்டி’ என்று பெருமையுடன் அழைத்தோம். இன்று டயர் வெடித்துவிட்டது; செயின் துருப்பிடித்துவிட்டது; கியர் அசைய மறுக்கிறது. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாமா? புதிய உறுப்புகள் பூட்டி மீண்டும் ஓட்டலாமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். சட்டம் நன்றாயிருந்தால் வண்டி உயிருடன் இருக்கிறது என்று பொருள். ஆனால், எதனை எதனோடு பொருத்தலாம், எதனை முதலில் மாற்றவேண்டும் என்னும் இரண்டையும் அறிந்து செய்தல் வேண்டும். அறியாமல் செய்தால் பணம் வீணாகும். சில வேளை உயிருக்கே ஊறு நேரும்.

மலைமிதிவண்டி பிறந்த வகை

புதிய உறுப்பைப் பழைய வண்டியில் பூட்டுவது பொருந்தாச் செயல் என்று கருதுவோர், மலைமிதிவண்டியின் வரலாற்றைச் சற்று நோக்குதல் நலம்.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்றொரு மாவட்டம் உண்டு. அங்கே 1970களில் இளைஞர் சிலர் மலைச் சரிவுகளில் வண்டியோட்டி மகிழ்ந்தனர். அதற்கென்று ஒரு வண்டி அந்நாளில் கடையில் கிடைக்கவில்லை. அவர்கள் என் செய்தனர்? 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்டு மூலையில் கிடந்த கனத்த பழைய வண்டிகளைத் தேடி எடுத்தனர். ஷ்வின் நிறுவனத்தார் செய்த அகன்ற டயர் வண்டிகளை அவர்கள் சிறப்பாக விரும்பினர். அந்தப் பழைய சட்டங்களில் பந்தய வண்டிகளின் கியர்களைப் பூட்டினர். வலிய பிரேக்குகளைப் பூட்டினர். மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளையும் எடுத்துப் பூட்டினர்.

1976ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பேர்பாக்ஸ் என்னும் ஊரின் அருகே அவர்கள் ஓர் இறக்கப் பந்தயம் நடத்தினர். இரண்டு மைலுக்கும் குறைந்த தொலைவில் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். பழைய வண்டிகளின் பின் ஹப்பினுள் இருந்த பிரேக் அவ்விறக்கத்தில் கொதித்து, உள்ளிருந்த கிரீசு புகையாய்ப் போய்விடும். ஒவ்வொரு முறை இறங்கிய பின்னும் ஹப்பைக் கழற்றிப் புதிய கிரீசு அடைக்க வேண்டும். ‘மீண்டும் அடைத்தல்’ என்னும் பொருள்பட அப்பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது.

1977ஆம் ஆண்டில் ஜோ பிரீஸ் என்பார் இத்தொழிலுக்கென்றே புதுச் சட்டம் ஒன்றைச் செய்தார். 1979இல் கேரி பிஷர், சார்லி கெல்லி ஆகிய இருவரும், டாம் ரிட்சி செய்தளித்த சட்டங்களைக் கொண்டு ‘மவுண்டன் பைக்’ என்னும் பெயரால் வாணிகம் தொடங்கினர். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ வந்தது. 1982இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் மலைமிதிவண்டிக்கென்றே ‘டியோர் எக்ஸ்டி’ என்னும் உறுப்புத் தொகுதியை வெளியிட்டது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைமிதிவண்டிப் போட்டி இடம்பெற்றது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பழைய சட்டமும் புதிய உறுப்பும் கலந்த கலப்பிலேதான் மலைமிதிவண்டி பிறந்தது. ஆகவே, நம் வீட்டுப் பழைய வண்டிக்குப் புதிய உறுப்பு பூட்டுவது அதன் மரபுக்கு மாறானதன்று. அதன் மரபே அதுதான்.

முதற்கண் சட்டத்தைப் பாருங்கள்

நம் நாட்டில் மிதிவண்டித் தொழில் விடுதலைக்குப் பின் விரைந்து வளர்ந்தது. 1949இல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்சு நிறுவனத்தாரும் கூடிச் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. முதலிய பெயர்கள் அதன்வழி நம் வீடுகளுக்குள் புகுந்தன. வடக்கே லூதியானாவில் 1956இல் ஹீரோ சைக்கிள்ஸ் எழுந்தது. பின்னாளில் இந்நிறுவனங்கள் செய்த மலைமிதிவண்டிகளில் மிகப் பலவும் எஃகுக் குழாயாலான சட்டம் உடையவை. எஃகு கனமானது, எனினும் நீண்டநாள் உழைப்பது. அதன் பகை ஒன்றே, அது துரு.

திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆகிய இரு மாவட்டங்களிலும் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும்; வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். பொழியூர், பூவாறு போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு. எனவே உறுப்பு வாங்கப் புறப்படுமுன் சட்டத்தை நன்றாகச் சோதித்தல் வேண்டும்.

வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். பெடல் அச்சு செல்லும் உருளையின் அடிப்பகுதியைப் பாருங்கள். மழைநீர் குழாய்களின் வழியே இறங்கி அங்கேதான் தேங்கும். வண்ணத்தின் மீது படிந்த மேல்துரு அஞ்சத்தக்கதன்று. உப்புத்தாள் கொண்டு தேய்த்து மீண்டும் வண்ணம் பூசலாம். ஆணியால் குத்தினால் உதிரும் துரு அஞ்சத்தக்கது. அடுத்து, ஹேண்டில் பார் நுழையும் தலைக்குழாயின் பின்புறத்தைப் பாருங்கள். மேற்குழாயும் கீழ்க்குழாயும் அங்கே கூடுகின்றன. அவ்விடத்தில் வண்ணம் சுருங்கியோ விரிசல் விட்டோ குழாய் புடைத்தோ இருந்தால், அவ்வண்டி எப்போதோ மோதியிருக்கிறது என்பது பொருள். அத்தகைய சட்டத்தில் புதிய உறுப்பு பூட்டுவது, உளுத்த தூணுக்குப் புதுச் சாயம் பூசுவதை ஒக்கும். முன்போர்க்கின் கால்கள் இரண்டும் நேராக உள்ளனவா என்பதையும் பக்கவாட்டில் நின்று நோக்குங்கள்.

இருக்கைக் கம்பி அசைகிறதா என்று பார்ப்பதும் இன்றியமையாதது. அலுமினியக் கம்பி எஃகுக் குழாயினுள் பல ஆண்டுகள் கிரீசின்றி இருப்பின், இரு உலோகமும் ஈரத்தில் ஒன்றையொன்று அரித்து இறுகிவிடும். அடித்துத் திருகினால் குழாய் நெளியும். துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி ஓரிரு நாள் பொறுத்திருந்து மெல்லத் திருகுதல் வேண்டும். பொறுமையே இங்குக் கருவி.

அளவுகளின் கதை

சட்டம் தேறிவிட்டதா? இனி அளவு. பழைய வண்டியைப் புதுப்பிக்க முயல்வோர் பெரும்பாலும் தோல்வியுறுவது இவ்விடத்திலேதான். கடையில் பார்க்கும் உறுப்பெல்லாம் ஒன்றுபோல் தோன்றும். வீட்டுக்கு வந்தபின் நுழையாது.

முதலில் சக்கரம். ‘26 அங்குலம்’ என்னும் ஒரு பெயரால் அளவு வேறுபட்ட டயர்கள் வழங்குகின்றன. மலைமிதிவண்டியின் 26 அங்குல டயர், ரிம்மின் மீது 559 மில்லிமீட்டர் விட்டத்தில் அமர்வது. ஷ்வின் நிறுவனம் 1933இல் அமெரிக்காவில் கொணர்ந்த அகன்ற டயரின் வழிவந்த அளவு அது. 26 × 1⅜ என்று எழுதிய மெல்லிய டயரோ 590 மில்லிமீட்டர் உடையது. இரண்டுக்கும் பெயர் ஒன்று, அளவு வேறு. நம் பெரியோர் ஓட்டிய 28 × 1½ அங்குல வண்டியின் டயர் 635 மில்லிமீட்டர். இக்காலத்து மலைமிதிவண்டிகளில் காணப்படும் 27.5 அங்குலம் 584 மில்லிமீட்டர். 29 அங்குலம் 622 மில்லிமீட்டர். ஆகவே அங்குலத்தை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் மூன்றிலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

இரண்டாவது, பின் ஹப்பின் அகலம். 1980களின் மலைமிதிவண்டிகள் பலவற்றில் பின்போர்க்கின் இடைவெளி 126 அல்லது 130 மில்லிமீட்டர். 1990களில் 135 மில்லிமீட்டர் பொது அளவாயிற்று. அண்மைக் காலத்து விலையுயர்ந்த வண்டிகள் 142, 148 என்று அகன்று, அச்சின் வகையும் மாறிவிட்டன. அவற்றின் சக்கரம் நம் வண்டிக்கு ஆகாது. 130 மில்லிமீட்டர் எஃகுச் சட்டத்தில் 135 மில்லிமீட்டர் ஹப்பை, தேர்ந்த தொழிலாளி ஒருவர் போர்க்கை இருபுறமும் ஒரே அளவு விரித்து நுழைத்துவிடுவார். எஃகு அதற்கு இசையும். அலுமினியச் சட்டத்தை அவ்வாறு விரித்தல் கூடாது. அது வளையாது, வெடிக்கும்.

மூன்றாவது, பெடல் அச்சு அமரும் உருளை. கடைக்காரர் ‘பி.பி. கப்’ என்று சொல்வது இதனுள் திருகப்படும் கிண்ணத்தைத்தான். இவ்விடத்தில் நமக்கு ஒரு நற்செய்தி உண்டு. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. தொழிற்சாலை வகுத்த திருகளவு, அதாவது 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 புரியும் உடைய அளவு, இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. மலைமிதிவண்டிகளில் பெரும்பாலானவை அவ்வளவையே கொண்டவை. எனவே குண்டுகள் தேய்ந்து ஆடும் பழைய அச்சைக் கழற்றிவிட்டு, நீர் புகாதபடி மூடிய புதிய அச்சுத் தொகுதியை அங்கே திருகலாம். உருளையின் அகலம் 68 மில்லிமீட்டரா, 73 மில்லிமீட்டரா என்பதை மட்டும் அளந்துகொள்ள வேண்டும். வலப்புறக் கிண்ணம் எதிர்ப்புறமாகத் திருகப்படுவது என்பதையும் மறத்தல் கூடாது. அதனை அறியாதவர் வலிந்து திருகிப் புரியைக் கெடுத்துவிடுவர். புரி கெட்டால் சட்டமே கெட்டது போல.

நான்காவது, தலைக்குழாய். பழைய வண்டிகளின் போர்க்குத் தண்டு ஓர் அங்குலம். பின்னர் வந்தவை 1⅛ அங்குலம். 1990களின் தொடக்கத்திலிருந்து, புரியில்லாத தண்டும் அதனை வெளியிலிருந்து பற்றும் ஸ்டெம்மும் பரவின. பழைய புரியுள்ள தண்டில் புதிய ஸ்டெம்மைப் பூட்ட இடையிணைப்புத் துண்டு ஒன்று கிடைக்கிறது. அதனைக் கொண்டு, உயரமும் வசதியும் வேண்டிய முதியோர்க்கு ஏற்பக் கைப்பிடியை அமைத்துத் தரலாம்.

ஐந்தாவது, செயின். இதன் கண்ணிக்குக் கண்ணி உள்ள தொலைவு அரை அங்குலம். நூறாண்டு கடந்தும் இவ்வளவு மாறவில்லை! தாத்தாவின் வண்டிச் செயினும் பேரனின் புதிய வண்டிச் செயினும் இந்த ஓர் அளவில் ஒன்றுபட்டு நிற்கின்றன. மாறியது அகலம் மட்டுமே. பின்னே பல்சக்கரங்கள் பெருகப் பெருகச் செயின் மெலிந்துவருகிறது. எனவே பின்புறத்தில் எத்தனை பல்சக்கரம் உண்டோ அத்தனைக்குரிய செயினை வாங்குதல் வேண்டும்.

எதனை முதலில் மாற்றுவது?

பணம் அளவோடு இருப்பவர்க்கு முறை வேண்டும். இளைஞர் பெரும்பாலும் கியரை முதலில் மாற்ற விரும்புவர். அது கண்ணுக்கு அழகு. நண்பர்க்குக் காட்டப் பெருமை. ஆயினும் முறை அதுவன்று. முதலில் நிற்கும் ஆற்றல். அடுத்து உருளும் ஆற்றல். இறுதியில் ஏறும் ஆற்றல்.

நிற்கும் ஆற்றல் பிரேக்கில் மட்டும் இல்லை, ரிம்மிலும் இருக்கிறது. நம் பழைய வண்டிகள் பலவற்றில் பளபளக்கும் எஃகு ரிம் காணப்படும். உலர்ந்த நாளில் அது தன் குறையைக் காட்டாது. மழை பெய்தவுடன் பிரேக் கட்டை அதன் மீது வழுக்கும். நெடுந்தொலைவு உருண்ட பின்னரே வண்டி நிற்கும். அலுமினிய ரிம்மோ ஈரத்திலும் பிடிப்புத் தரும். வெள்ளறடைப் பக்கத்து இறக்கம் ஒன்றில், ஆனி மாதத்து மழையில், பள்ளி விட்டு வரும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். எதிரே பேருந்து வருகிறது. அப்போது அப்பிள்ளையைக் காப்பது கியரா? அலுமினிய ரிம்மும் நல்ல பிரேக் கட்டையும் அன்றோ! ஆகவே முதற் செலவு அலுமினிய ரிம்களுக்கே ஆகுக. ஸ்போக்ஸ் கோத்துச் சக்கரத்தை நேர்படுத்தத் தெரிந்தவரிடமே அப்பணியை ஒப்படையுங்கள்.

அடுத்துப் பிரேக். 1996இல் ஷிமானோ நிறுவனம் ‘வி-பிரேக்’ என்னும் நீண்ட கைகளையுடைய பிரேக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய வண்டிகளில் இருந்தது, இரு கைகளையும் நடுக்கம்பி ஒன்று மேல்நோக்கி இழுக்கும் கேண்டிலீவர் வகை. இரண்டும் போர்க்கில் பற்றவைத்த முளைகளின் மீதே அமர்வதால், பழைய வண்டியில் வி-பிரேக்கைப் பெரும்பாலும் எளிதாகப் பூட்டலாம். ஆனால் கைப்பிடியையும் உடன் மாற்றவேண்டும். வி-பிரேக்குக்குக் கம்பி மிகுதியாக இழுக்கப்பட வேண்டும். பழைய கைப்பிடி குறைவாக இழுக்கும். பழைய பிடியையே வைத்துக்கொண்டால், பிடியை முழுதும் அழுத்தினாலும் கட்டை ரிம்மைச் சரிவரப் பற்றாமல் போகலாம்.

இங்கே மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பிரேக் கம்பியின் உறையும் கியர் கம்பியின் உறையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்; உள்ளே வேறு. பிரேக் உறையினுள் எஃகுப் பட்டை சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். கியர் உறையினுள் கம்பிகள் நீளவாக்கில் கிடக்கும். கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டால், அழுத்திப் பிடிக்கும் வேளையில் அது பிளந்துபோகலாம். உறை வாங்கும்போது ‘பிரேக்குக்கு’ என்று வாய்விட்டுச் சொல்லி வாங்குங்கள். வெட்டிய முனையையும் பாருங்கள்.

இக்காலத்து வட்டத்தட்டுப் பிரேக்கைப் பழைய சட்டத்தில் பற்றவைத்துப் பூட்டலாமா என்று கேட்போர் உளர். வேண்டா என்பதே அறிவுரை. பழைய போர்க்கின் ஒரு காலில் மட்டும் அப்பெரும் விசையைத் தாங்கும்படி அது செய்யப்படவில்லை. மெல்லிய குழாயில் பற்றவைத்தால் குழாயின் வலிமையும் குன்றும். அவ்வாறே, நீண்ட அதிர்வுதாங்கிப் போர்க்கைப் பழைய சட்டத்தில் நுழைப்பதும் தவறு. முன்புறம் உயர்ந்துவிடும், திருப்பும் தன்மை மாறிவிடும், தலைக்குழாயின் மூட்டுகள் மிகை அழுத்தம் தாங்க நேரும். அகன்ற நல்ல டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால், நம் ஊர்ப் பாதைகளுக்கு அந்த அதிர்வுதாங்கலே போதும்.

பிரேக்கும் டயரும் முடிந்தபின் உருளும் ஆற்றல். ஹப்பு, தலைக்குழாய், பெடல் ஆகியவற்றின் குண்டுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் புதிய கிரீசு அடையுங்கள். குண்டுகளை மாற்ற ஆகும் செலவு சிறிது, பயன் பெரிது. பல வண்டிகளில் ‘கனக்கிறது’ என்று நாம் சொல்லும் குறை, சட்டத்தின் எடையால் வந்ததன்று. உலர்ந்த கிரீசால் வந்தது.

கியர்: ஏறும் ஆற்றல்

இறுதியில் கியருக்கு வருவோம். அதன் கணக்கு எளிது. தாத்தாவின் வண்டியில் முன்னே 44 பல், பின்னே 20 பல் என்று கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 2.2 சுற்றுச் சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். ஆகவே ஒரு மிதிக்கு வண்டி 4.9 மீட்டர் செல்லும். சமநிலத்தில் அது இனிது. மேட்டில் இறங்கித் தள்ளவேண்டியதுதான். மலைமிதிவண்டியிலோ முன்னே 28 பல், பின்னே 28 பல் அமைக்கலாம். ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரே சுற்று. வண்டி ஏறத்தாழ 2 மீட்டர் செல்லும். தொலைவு பாதிக்கும் கீழ். காலுக்கு வேண்டிய வலிவும் அவ்வாறே குறையும். மேடு பணிந்துவிடும்.

பழைய வண்டியின் பின்புறப் பல்சக்கரத் தொகுதி பெரும்பாலும் ஹப்பின் மீது திருகப்படும் பிரீவீல் வகையாக இருக்கும். இப்போதும் அவ்வகை பிரீவீல்கள் ஆறு, ஏழு பல்சக்கரங்களுடன் கிடைக்கின்றன. ஹப்பை மாற்றாமலே புதியதைத் திருகலாம். எட்டும் அதற்கு மேலும் வேண்டுவோர், பல்சக்கரங்களை வரிசையாகக் கோக்கும் கேசட் வகை ஹப்பு வாங்கிச் சக்கரத்தையே புதிதாகக் கோக்க வேண்டும். நம் ஊர்த் தேவைக்கு ஏழு போதும் என்பது பலர் துணிபு.

கியர் மாற்றும் நெம்புகோல் இருவகைப்படும். ஒன்று, ‘டிக்’ என்னும் ஒலியுடன் ஒவ்வொரு படியாக நகர்வது. 1980களின் நடுவில் ஷிமானோவால் பரவியது இது. இதற்கு நெம்புகோல், பின் கியர், பல்சக்கரத் தொகுதி மூன்றும் ஒன்றுக்கொன்று அளவொத்தவையாக இருத்தல் வேண்டும். மற்றொன்று, படியின்றி உராய்வால் நிற்பது. பழைய வகை, ஆயினும் குணத்தில் பெரியது. எந்த நிறுவனத்தின் கியரோடும் எத்தனை பல்சக்கரத்தோடும் ஒத்துப்போகும். காதால் கேட்டுக் கையால் சற்றே திருத்திக்கொண்டால் போதும். உறுப்பு தேடிப் பல கடை ஏற இயலாத சிற்றூரில் வாழ்வோர்க்கு இந்தப் பழைய நெம்புகோலே உற்ற துணை.

புதிய பல்சக்கரம் பூட்டினால் செயினையும் உடன் மாற்றுங்கள். தேய்ந்த செயின் புதிய பல்லைத் தின்றுவிடும். செயின் தேய்ந்ததா என்பதை அறிய அடிக்கோல் ஒன்று போதும். புதிய செயினில் 24 கண்ணி சேர்ந்தால் சரியாக 12 அங்குலம். அதுவே 12 அங்குலத்தைக் கடந்து பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றுக. எட்டில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும்.

கழற்றியதைக் காத்தல்

புதுப்பிப்போர் கடைப்பிடிக்க வேண்டிய நெறி ஒன்று உண்டு. சட்டத்தில் துளையிடாதீர்கள், அறுக்காதீர்கள், பற்றவைக்காதீர்கள். பூட்டியதைக் கழற்றினால் வண்டி பழைய நிலைக்கே திரும்பக்கூடியதாய் இருத்தல் வேண்டும். கழற்றிய பழைய உறுப்புகளைத் துடைத்து, எண்ணெய் தடவி, ஒரு பையில் கட்டிப் பெயரெழுதி வையுங்கள். பழைய வண்டிகளை அதன் பிறந்த கோலத்திலேயே போற்றுவோர் இன்று உலகெங்கும் உளர். நாளை உங்கள் மகனோ மகளோ அவ்வாறு விரும்பக்கூடும்.

செலவைப் பற்றியும் ஒளிவின்றிச் சொல்லவேண்டும். ரிம், பிரேக், டயர், அச்சு, பிரீவீல், செயின் அனைத்தையும் மாற்றினால், சாதாரணப் புதிய வண்டி ஒன்றின் விலையை அது நெருங்கலாம். சில வேளை கடக்கவும் கடக்கலாம். கணக்குப் பார்த்து இலாபம் வேண்டுவோர், முதலில் பிரேக்கும் டயரும் கிரீசும் மட்டும் செய்து ஓட்டிப் பார்க்கட்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு அதுவே போதும். தந்தை வாங்கித் தந்தது என்னும் அன்பினால் புதுப்பிப்போர்க்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு நாம் அறிவுரை கூற வேண்டுவதில்லை.

தொழிலறிந்தோரைப் போற்றுவோம்

மேலே கூறிய அளவுகள் எல்லாம் நூலில் இருக்கலாம்; கையில் இருப்பது தொழிலாளியிடமே. ஸ்போக்ஸைத் தட்டி ஒலியால் இறுக்கம் அறிபவர், கண்ணால் பார்த்தே புரியின் அளவு சொல்பவர், வளைந்த போர்க்கை நேர்படுத்துபவர் நம் சந்தைத் தெருக்களில் இருந்தனர். இன்னும் சிலர் இருக்கின்றனர். மோட்டார் வண்டி பெருகப் பெருக அவர்தம் கடைகள் சுருங்குகின்றன. பிள்ளைகள் அத்தொழிலை நாடுவதில்லை. ஊருக்குச் செல்லும் நம் குடும்பங்கள் அவர்களிடம் ஒரு வண்டியைக் கொடுத்துப் புதுப்பிக்கச் சொன்னால், வண்டியும் ஓடும். அவர் அறிவும் சில காலம் நிலைக்கும். உடன் ஒரு பிள்ளையை நிறுத்தி வேடிக்கை பார்க்கச் சொன்னால், அவ்வறிவு அடுத்த தலைமுறைக்கும் சிறிது ஒழுகும். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தம் ஊர்க் கைவினையை அருகிருந்து காணும் வாய்ப்பு வேறு எத்துணைதான் கிடைக்கிறது?

அளவு ஒத்தால் பர்மிங்காமின் திருகும், ஜப்பானின் கியரும், லூதியானாவின் டயரும் ஒரே சட்டத்தில் ஒற்றுமையாய் உழைக்கின்றன. எங்குப் பிறந்தது என்று அவை கேட்பதில்லை. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது புதிய செய்தி அன்று.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது அடிக்கோலும் குறிப்பேடும் எடுத்துச் செல்லுங்கள். டயரின் மூன்றிலக்க எண், பின்போர்க்கின் இடைவெளி, அச்சு உருளையின் அகலம், போர்க்குத் தண்டின் தடிப்பு, பின் பல்சக்கரங்களின் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு கடைக்குச் செல்லுங்கள். வண்டி ஆயத்தமானதும் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க விரையாதீர்கள். முதலில் சிறிய இறக்கம் ஒன்றில், ரிம்மைத் தண்ணீரால் நனைத்து, பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். நின்றால், பிள்ளையின் கையில் வண்டியைக் கொடுக்கலாம்.